பெயரில்லாத பட்டியல்: விக்டோரியா டாக்கிலிருந்து வெம்பக்கோட்டை வரை

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணன் நினைவாக நடக்கும் இந்த மேடையில் இதுவரை பேசியவர்கள் இலக்கியம் பேசினார்கள், நிலம் பேசினார்கள், கோயில் நுழைவு பேசினார்கள். நான் ஒரு கப்பலைப் பற்றிப் பேசப்போகிறேன். கடல் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் நின்றுகொண்டு இவர் எதற்குக் கப்பல் கதை சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தக் கப்பலில் இருந்தது வெடிமருந்து. அதைச் சுற்றி வேலை செய்தவர்கள் தினக்கூலிகள். இந்த இரண்டையும் பற்றி இந்த ஜில்லாவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்?

1. ஒரே தேதி

ஏப்ரல் 14 நமக்குப் பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்த நாள். பஞ்சாங்கத்தில் சித்திரைப் பிறப்பு. இன்னொன்றும் அன்றைக்குத்தான் வருகிறது. தீயணைப்பு நிலையங்களுக்கு வெளியே பந்தல் போட்டு, வண்டிகளைக் கழுவி நிறுத்தி, துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். தீத்தொண்டு நாள். அன்று தொடங்கி 20ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். பள்ளிக்கூடத்துக்கு வந்து, சிலிண்டர் தீப்பிடித்தால் ஈரச் சாக்கை எப்படிப் போடுவது என்று காட்டிவிட்டுப் போவார்கள்.

ஏன் ஏப்ரல் 14 என்று கேட்டால், 1944ஆம் ஆண்டு அந்த நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அவர்கள் நினைவாக என்று பதில் வரும். உண்மை. அந்த 66 பேரும் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால் அன்று இறந்தது 66 பேர் மட்டும் இல்லை. மற்றவர்கள் யார், அவர்களுக்கு ஏன் நாளும் இல்லை, வாரமும் இல்லை என்பதுதான் என் கேள்வி.

அன்று அம்பேத்கருக்கு 53 வயது நிறைந்தது. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. 1942 ஜூலை முதல் அவர்தான் அந்தத் துறையின் உறுப்பினர். அவர் படித்து, வாழ்ந்து, கட்சி கட்டி, வேலைநிறுத்தம் நடத்திய நகரம் பம்பாய். அந்த நகரத்தின் கிழக்குக் கரை அன்று மாலை பற்றி எரிந்தது.

2. கப்பலுக்குள் என்ன இருந்தது

கப்பலின் பெயர் ஃபோர்ட் ஸ்டிகின். 7,142 டன். கனடாவின் மேற்குக் கரையில் பிரின்ஸ் ரூபர்ட் என்னும் ஊரின் கப்பல் கட்டும் தளத்தில் 1942இல் கட்டப்பட்டது. ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்த காலம் அது. மூழ்கிய கப்பலுக்கு ஈடாக இன்னொன்று உடனே வேண்டும். ஒரே வரைபடம், ஒரே அளவு, வரிசையாகக் கட்டி இறக்கினார்கள். கனடாவில் அப்படி இறங்கிய பல கப்பல்களுக்குப் பழைய வணிகக் கோட்டைகளின் பெயரை வைத்தார்கள். ‘ஃபோர்ட்’ வந்தது அப்படித்தான்.

1944 பிப்ரவரி 24 அன்று இந்தக் கப்பல் இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியது. உள்ளே ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்: பீரங்கிக் குண்டுகள், கடற்கண்ணிகள், டார்பிடோக்கள். பெட்டிகளில் போர் விமானங்கள். இவற்றோடு 124 தங்கக் கட்டிகள். ஒவ்வொன்றும் 12 கிலோவுக்கு மேல். கராச்சியில் கொஞ்சம் சரக்கு இறங்கியது, இடம் காலியானது. போர்க்காலத்தில் கப்பலில் காலியிடம் இருந்தால் அது குற்றம். எனவே 8,700 பொதி பஞ்சு ஏற்றினார்கள். பீப்பாய் பீப்பாயாக எண்ணெய், மரம், கந்தகம், மீன் உரம். வெடிபொருள் இருந்த அறைகளின் மேலேயும் கீழேயும் பஞ்சு.

இங்கே உட்கார்ந்திருக்கிற எந்த அக்காவையும் கேளுங்கள். மருந்து அறைக்குப் பக்கத்தில் கழிவுக் காகிதத்தைக் குவித்து வைக்கலாமா என்று கேட்டால், உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்பார். கராச்சியில் கப்பல் தலைவனும் ஆட்சேபித்ததாகத்தான் வரலாறு. போர் என்ற ஒரு சொல் எல்லா ஆட்சேபத்தையும் அடைத்தது.

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாய்க்கு வந்து விக்டோரியா டாக்கின் முதலாம் எண் இடத்தில் நின்றது. விக்டோரியா டாக் 1888இல் திறக்கப்பட்டது. பக்கத்திலேயே அதற்கு மூத்த பிரின்சஸ் டாக். கரையில் கிட்டங்கிகள், தானிய மண்டிகள், அவற்றை ஒட்டி ஜனம் நெருக்கியடித்து வாழும் தெருக்கள். போருக்கு முன்பு ஒரு முறை இருந்தது. வெடிபொருள் கொண்டுவரும் கப்பல் டாக்குக்குள் வரக் கூடாது, தள்ளி நிற்க வேண்டும், தோணியில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். போர் வந்ததும் அந்த முறையைத் தளர்த்தினார்கள். ஆபத்தான சரக்கு இருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கொடியும் இந்தக் கப்பலில் பறக்கவில்லை. பக்கத்துக் கப்பலில் மூட்டை இறக்கியவருக்கு அடுத்த கப்பலில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

3. நான்கு மணி ஆறு நிமிடம்

14ஆம் தேதி மதியம். கப்பல் வந்து இரண்டு நாளாகியும் வெடிபொருளின் பெரும்பகுதி உள்ளேயே இருந்தது. சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த கூலிகள் இரண்டாம் எண் சரக்கறையிலிருந்து புகை வருவதைப் பார்த்தார்கள். பஞ்சு புகைந்துகொண்டிருந்தது. பஞ்சுப் பொதியில் பிடித்த தீ எப்படிப்பட்டதென்று நம் ஊர் ஜின்னிங் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே தண்ணீர் ஊற்ற ஊற்ற உள்ளே கனன்றுகொண்டே போகும். தீயணைப்பு வண்டிகள் வந்தன. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் உள்ளே போனது. தீ அணையவில்லை. கப்பலின் இரும்புச் சுவர் சூடேறி அதை ஒட்டிய நீர் கொதித்தது.

கப்பலை இழுத்து வெளிக்கடலில் விடலாமா, நின்ற இடத்திலேயே மூழ்கடிக்கலாமா என்று அதிகாரிகள் யோசித்தார்கள். எஞ்சின் பழுதுபார்ப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது, தானாக நகராது. முழுதாக மூழ்க அந்த இடத்தில் ஆழம் போதாது. கப்பல் தலைவர், ராணுவ அதிகாரி, துறைமுக அதிகாரி, தீயணைப்புத் தலைமை என்று ஆளாளுக்கு ஒரு கருத்து. முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதே முடிவாகவில்லை. இரண்டு மணி நேரம் போனது.

அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். டாக் முழுவதற்கும் அபாய அறிவிப்பு எதுவும் கொடுக்கப்படவில்லை. மற்றக் கப்பல்களில் மூட்டை இறங்கிக்கொண்டே இருந்தது. வண்டி இழுத்தவர் இழுத்துக்கொண்டிருந்தார். புகையைப் பார்த்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. 4 மணி 34 நிமிடத்துக்கு இரண்டாவது, முதலாவதைவிடப் பெரியது. முதல் வெடிப்பில் அடிபட்டவர்களைத் தூக்க ஓடியவர்கள் பலர் இரண்டாவதில் போனார்கள். பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற பெரிய கப்பலையே அலை தூக்கிக் கரையில் வைத்தது. எரியும் பஞ்சு நகரத்தின் மேல் மழையாக விழுந்தது. சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி வரை அதிர்வு பதிவானது. தீ கட்டுக்குள் வர மூன்று நாள் ஆயிற்று. 50,000 டன்னுக்கு மேல் தானியம் அழிந்தது. வங்காளத்தில் பஞ்சம் லட்சக்கணக்கான உயிரைக் குடித்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரத்தில்! இடிபாட்டை அள்ளி டாக்கை மறுபடி வேலைக்குத் தயார் செய்ய 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள்.

செய்தி வெளியே வரவில்லை. அதுவும் போர்தான். ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாகச் சொன்னது. பிரிட்டிஷ் தணிக்கை, பத்திரிகைகள் எழுதுவதற்கு மே இரண்டாம் வாரத்தில்தான் அனுமதி தந்தது. ஒரு மாதம் வரை, தன் பிள்ளை வேலைக்குப் போன இடத்தில் என்ன நடந்தது என்பதை ஊரில் இருக்கிற தாய் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

4. தங்கக் கட்டிக்கு எண் உண்டு

கணக்குக்கு வருகிறேன். துறைமுகப் பணிகளைச் சேர்ந்தவர்கள் 231 பேர் இறந்தார்கள், 66 தீயணைப்பு வீரர்கள் அதில் அடக்கம். பொதுமக்கள் ‘500க்கும் மேல்’. மொத்தம் 800 என்றும், ‘1,300 வரை’ என்றும் சொல்கிறார்கள். 800க்கும் 1,300க்கும் இடையில் 500 மனிதர்கள் இருக்கிறார்கள், தோழர்களே. ‘மேல்’ என்ற சொல்லுக்கும் ‘வரை’ என்ற சொல்லுக்கும் நடுவில் 500 பேர் கிடக்கிறார்கள். அவர்கள் யாராக இருக்க முடியும்? சம்பளப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களை எண்ணிவிட முடிந்தது. எண்ண முடியாமல் போனவர்கள், காலையில் வாசலில் வரிசையில் நின்று, மேஸ்திரி கை காட்டினால் உள்ளே போய், மாலையில் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்கள். டாக்கை ஒட்டிய தெருவில் படுத்து எழுந்தவர்கள்.

தங்கத்தின் கதையையும் கேளுங்கள். வெடித்ததில் கட்டிகள் நகரத்தின் மேல் பறந்தன. ஒரு மைல் தள்ளி இருந்த பார்சிப் பெரியவர் ஒருவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஒரு கட்டி விழுந்தது. நேர்மையான மனிதர், திருப்பிக் கொடுத்தார். 999 ரூபாய் சன்மானம் வந்தது, அதையும் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்குத் துறைமுகத்தில் சேறு அள்ளும்போதெல்லாம் ஒன்றிரண்டு கட்டி கிடைத்துக்கொண்டே இருந்தது. கிடைத்ததும் இது எந்தக் கப்பலுடையது என்று தெரிந்தது. ஏனென்றால் கட்டி ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருந்தது. 31 மரப்பெட்டி, பெட்டிக்கு நான்கு, மொத்தம் 124. தங்கத்துக்கு ‘மேல்’ கிடையாது, ‘வரை’ கிடையாது.

பம்பாயில் உழைப்பு எப்படிப் பங்கிடப்பட்டிருந்தது என்பதை அம்பேத்கர் நேரில் கண்டவர். பரேல் பகுதியின் சாலில், ஒரே அறை வீடுகளின் வரிசையில், பல ஆண்டுகள் குடியிருந்தவர். பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் கூலி கூடுதல். அங்கே மகர்களுக்கு இடமில்லை. நாடா மாற்றும்போது நூலை வாயால் உறிஞ்ச வேண்டும், அவன் வாய் பட்டதை நான் எப்படித் தொடுவேன் என்பது சக தொழிலாளியின் நியாயம். செங்கொடி பிடித்தவர்களும் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். நல்ல கூலிக் கதவு சாத்தியிருந்தால் மனிதன் எங்கே போவான்? மூட்டை தூக்கவும், குப்பை அள்ளவும், தண்டவாளம் போடவும், டாக்குக்கும் போவான். அந்தக் கால பம்பாயில் மகர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பிற்காலத்தில் தயா பவார் ‘பலுத’வில் பதிந்து வைத்தார். சாதி வேலையைப் பங்கிடுவதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டபோது அவர் கண் முன்னால் இருந்தது இந்தப் பம்பாய். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த அடுக்கில் கீழே இருப்பவர்தான் ஆபத்துக்கு மிக அருகில் நிற்கிறார்.

சட்டத்தைப் பார்ப்போம். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளரின் பாதுகாப்புக்காக 1934இல் இந்திய டாக் தொழிலாளர் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1948இல். 14 ஆண்டுகள் காகிதமாகக் கிடந்தது. கப்பல் வெடித்தது அந்தப் பதினான்கு ஆண்டுக்குள். டாக் கூலிகளைப் பதிவு செய்து நிரந்தரப்படுத்த வேண்டும் என்று 1931இலேயே ராயல் கமிஷன் பரிந்துரைத்திருந்தது. அதற்கான சட்டமும் 1948இல்தான் வந்தது. அதன் பிறகே டாக் தொழிலாளிக்கு அட்டை, எண், பெயர். தங்கத்துக்கு முன்பே கிடைத்தது மனிதனுக்குப் பின்னால் கிடைத்தது. அதுவும் சங்கம் கட்டிப் போராடிய பிறகு.

5. யாரோ போட்ட சிகரெட்

அரசு விசாரணைக் குழு அமைத்தது. வெடிமருந்தோடு பஞ்சை ஏற்றியது தவறு என்று சொன்னது. தீ கண்ட பிறகு ஒரே தலைமை இல்லாமல் போனதையும் சொன்னது. நியாயமாகச் சொன்னதை நாமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தீ எப்படிப் பிடித்தது என்ற இடத்தில், யாரோ புகைத்துப் போட்ட சிகரெட்டாக இருக்கலாம் என்ற கணிப்பில் வந்து நின்றது. அந்த ‘யாரோ’ யார்? சரக்கறைக்குள் இறங்கி வேலை செய்தவர்தான். பஞ்சை ஏற்றச் சொன்னவருக்குப் பதவியின் பெயர் உண்டு, காரணமும் உண்டு: போர்க்கால நெருக்கடி. செத்துப்போன கூலிக்கு எஞ்சியது அந்தச் சிகரெட் மட்டும்.

நம் ஊரில் சிகரெட் இல்லை. ‘உராய்வு’ இருக்கிறது. ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வரும் வாக்கியம் உங்களுக்கு மனப்பாடம்: மருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக. உராய்ந்தது யாருடைய கை? ஏன் அவ்வளவு வேகமாக உராய்ந்தது? அந்த அறையில் ஏன் அத்தனை பேர்? இந்த மூன்று கேள்வியும் அந்த வாக்கியத்தில் இல்லை.

6. அதே ஆண்டில் இன்னொரு துறைமுகம்

பம்பாய் வெடித்து மூன்று மாதம். 1944 ஜூலை 17 இரவு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போர்ட் சிகாகோ என்னும் கடற்படைத் துறை. அங்கே கப்பலில் வெடிகுண்டு ஏற்றும் வேலை முழுக்கக் கறுப்பினச் சிப்பாய்களுக்கு, மேற்பார்வை முழுக்க வெள்ளை அதிகாரிகளுக்கு. வெடிபொருளைக் கையாள முறையான பயிற்சி தரப்படவில்லை. எந்தக் குழு அதிக டன் ஏற்றுகிறது என்று கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். அதிகாரிகள் அதன் மேல் பந்தயம் கட்டியதும் உண்டு. அன்று இரவு 320 பேர் இறந்தார்கள், 202 பேர் கறுப்பினத்தவர். இறந்தவர் குடும்பத்துக்கு 5,000 டாலர் தரலாம் என்று பேச்சு வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் யாரென்று தெரிந்ததும் மிசிசிப்பியைச் சேர்ந்த ஜான் ராங்கின் என்ற உறுப்பினர் எதிர்த்தார். தொகை 3,000 ஆனது.

சில வாரம் கழித்து, உயிர் பிழைத்தவர்களை மறுபடி குண்டு ஏற்றச் சொன்னார்கள். 258 பேர் மாட்டோம் என்றார்கள். மிரட்டிய பிறகும் 50 பேர் இறங்கி வரவில்லை. கலகம் செய்தார்கள் என்று அந்த 50 பேருக்கும் தண்டனை. பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் அப்போதே அவர்களுக்காக வாதாடினார். சரியாக 80 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 17 அன்று, அமெரிக்கக் கடற்படை அந்தத் தீர்ப்புகளை ரத்து செய்தது.

இதை எதற்குச் சொல்கிறேன்? அந்த வேலைக்குக் கறுப்பினத்தவர், மேற்பார்வைக்கு வெள்ளையர் என்பது தற்செயல் இல்லை. ஏற்பாடு. அது ஏற்பாடுதான் என்று நிரூபிக்க முடிந்தது எப்படி? பெயர்கள் இருந்ததால். யார், எந்த இனம், எந்த வேலை, எந்தக் கப்பல் என்று பதிவு இருந்தது. 202 என்ற எண்ணை அதிலிருந்துதான் எடுத்தார்கள். பம்பாய்க்கு அப்படி ஓர் எண்ணை நம்மால் எடுக்க முடியவில்லை. பட்டியல் இல்லாத இடத்தில் அநியாயம் ‘விபத்து’ ஆகிவிடுகிறது.

7. நம் கரிசல்

போர் நம் ஊருக்கும் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் தொடங்கியது. கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் கதை எல்லோருக்கும் தெரியும். பட்டாசு ஆலை உரிமத்தோடு எழுந்தது 1940ஐ ஒட்டி. போரினால் வெளிநாட்டு வெடி வருவது நின்றது. அதே 1940இல் வெடிபொருள் விதிகளும் வந்தன. பம்பாயில் வெடித்ததும் இங்கே வளர்ந்ததும் ஒரே காலத்தின் இரண்டு பிள்ளைகள்.

வானம் பார்த்த பூமி. நிலம் இருப்பவனுக்கே விளைச்சல் நிச்சயமில்லை, நிலமே இல்லாதவர்களுக்கு என்ன இருக்கும்? விடிகாலையில் ஆலை வேன் வந்து நம் தெரு முனையில்தான் ஹாரன் அடித்தது. பள்ளர், பறையர், அருந்ததியர் தெருக்களிலிருந்து பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறினார்கள். மற்றச் சாதி ஏழைகளும் ஏறினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. என் அம்மாவும் ஏறினார். குழாய் சுற்றினார், திரி வைத்தார். சுற்றிய கணக்குக்குத்தான் கூலி. கணக்குக்குக் கூலி என்றால் என்ன அர்த்தம்? நிதானமாக வேலை செய்தால் பட்டினி என்று அர்த்தம். போர்ட் சிகாகோவின் கரும்பலகை எங்கள் வீட்டிலும் இருந்தது, அம்மாவின் தலைக்குள். 11 வருஷம் ஒரே ஆலைக்குப் போனார். பி.எஃப். கேட்டுப் போனபோது, அப்படி ஒரு பெயர் மஸ்டர் ரோலில் இல்லை என்றார்கள். அம்மா அங்கேயே சிரித்துவிட்டு வந்தார். “அப்போ அங்க வேலை பாத்தது யாருடி?” என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குச் சமூகவியலில் நான் வாங்கிய முதுகலைப் பட்டத்தில் பதில் இல்லை. இந்தத் தொழிலின் அமைப்பில் இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில். ஆலையை அறை அறையாகப் பிரித்து உள்குத்தகை எடுப்பவர்கள் வேறு. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது விதி. நடப்பது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறையில் இடம் போதாவிட்டால் மரத்தடி. தீபாவளி ஆர்டர் நெருங்கினால் விதியெல்லாம் ஒரு பக்கம். அன்றைக்குப் போர்க்கால நெருக்கடி, இன்றைக்கு சீசன் நெருக்கடி.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர். முதலில் தீப்பிடித்தது, பக்கத்து ஊர் ஆட்கள் ஓடினார்கள், அதற்குப் பிறகுதான் பெரிய வெடிப்பு. விக்டோரியா டாக்கின் அந்த இரண்டு மணி நேரத்தை மனதில் வைக்கச் சொன்னேனே, அது இங்கே மறுபடி நடந்தது. ஓடியவர்களை ‘வேடிக்கை பார்க்கப் போனவர்கள்’ என்று எழுதினார்கள். வெடி ஆலையில் தீ என்றதும் இந்த ஊர்க்காரன் வேடிக்கை பார்க்கவா ஓடுவான்? உள்ளே அவன் அக்கா இருப்பாள், பெண்டாட்டி இருப்பாள். 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். 20க்கும் மேற்பட்டோர். பாருங்கள், நானும் ‘மேற்பட்டோர்’ என்றுதான் சொல்கிறேன். அந்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றது. உத்தரவு வந்த பிறகு ஆவணம், வாரிசுச் சான்று, அலுவலகத்துக்கு நடை. இறந்தவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அத்தாட்சி என்ன என்று கேட்டால் குடும்பம் எதைக் காட்டும்? எரிந்த செருப்பையா?

ஆலைகளை மூடச் சொல்கிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. மூடினால் அடுப்பு எரியாது என்பது எனக்கும் தெரியும், என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிந்தது. மூடிய டாக்கில் பம்பாய்க் கூலிக்கும் நியாயம் கிடைக்கவில்லை, 50,000 பேர் வேலை போனதாகத்தான் கணக்கு. நான் கேட்பது வேறு.

8. பதிவேடு

அரசு நம்மைப் பட்டியல் சாதி என்கிறது. 1936இல் பட்டியல் போட்டார்கள், ஒவ்வொரு சாதியின் பெயரும் எழுத்துப் பிசகாமல் அதில் இருக்கிறது. பிறந்தால் பட்டியலில் இருக்கிறோம். வெடியில் செத்தால் எந்தப் பட்டியலிலும் இல்லை. இது இனி இப்படி இருக்கக் கூடாது.

இந்த மன்றம் ஒரு பதிவேடு தொடங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நோட்டு, பேனா, ஊர் ஊராகப் போகும் கால் போதும். இறந்தவர் பெயர், வயது, ஊர், தெரு. என்ன வேலை பார்த்தார், எந்த அறையில், அன்று அந்த அறையில் எத்தனை பேர். கூலி நாள் கணக்கா, உருப்படிக் கணக்கா. உரிமம் யார் பெயரில், குத்தகை யார் பெயரில். மஸ்டரில் பெயர் இருந்ததா. இ.எஸ்.ஐ. இருந்ததா. இழப்பீடு எவ்வளவு அறிவித்தார்கள், எவ்வளவு கைக்கு வந்தது. சாதி கேட்டுச் சேர்க்கவும் வேண்டாம், விலக்கவும் வேண்டாம். மருந்தில் செத்த எல்லோரையும் எழுதுவோம். ஆனால் சாதியையும் எழுதுவோம். எழுதினால்தான் ஏற்பாடு தெரியும்.

அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள். எந்தத் தேதியில், எந்த ஆலைக்கு, எந்த அறைக்குப் போனீர்கள் என்று வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நாளைக்கு ‘அப்படி ஒரு பெயர் இல்லை’ என்று ஒருவர் சொல்லும்போது காட்ட அது ஆகும்.

இலக்கிய மன்றத்துக்கு இது எதற்கு என்று இளைய கவிஞர் யாராவது நினைக்கலாம். தம்பி, தலித் இலக்கியம் எதிலிருந்து தொடங்கியது? எங்களுக்குப் பெயர் உண்டு, எங்கள் வீட்டுக்குத் தெரு உண்டு, எங்கள் சாவுக்குக் காரணம் உண்டு என்று எழுதியதிலிருந்துதானே. கவிதையில் ‘கருகிய உடல்கள்’ என்று எழுதுகிறோம். அந்த உடலின் பெயரை அறியாமல் எழுதினால், பத்திரிகை ‘மேற்பட்டோர்’ என்று எழுதுவதற்கும் நாம் எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்? அண்ணன் தன் கைப்பட ஊர்ச் சாவுகளைக் குறித்து வைத்தவர். அவர் வீட்டுப் பரணில் அந்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை இறக்கித் தூசி தட்டினால் முதல் 30 பக்கம் தயார்.

ஆண்டுதோறும் அச்சிடும் இந்தச் சொற்பொழிவு நூலின் கடைசிப் பக்கங்களை அந்தப் பட்டியலுக்கு ஒதுக்க மன்றத்தைக் கேட்கிறேன். வரும் ஏப்ரல் 14 அன்று மாலை போடும்போது, சிலைக்கு முன்னால் நின்று அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். தீத்தொண்டு நாளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் பந்தல் போட்டிருப்பார்களே, அங்கேயும் போய் ஒரு பிரதி கொடுப்போம். அவர்களும் நம் தீயில் வெந்தவர்கள்தான்.

முதல் பெயர்களை எழுதித் தரக்கூடியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். ஜெய்பீம்.